மதுரையிலிருந்து நாகர்கோவில் வந்தோம். சமையலறையில் பூசணம் போகவே மாட்டேன் என்கிறது. முழுசாகச் சுத்தம் செய்வது எப்படி?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதம் இரண்டு தடவை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்கள், பினாயில் போடுகிறீர்கள், பத்தே நாளில் அலமாரிக்குள் மறுபடி பச்சையாகப் பூத்துவிடுகிறது என்கிறீர்கள். பூக்காமல் என்ன செய்யும்? மதுரையில் தரையில் ஊற்றிய தண்ணீர் காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே ஆனி ஆடியில் கழுவிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் அந்த இடம் காலில் பிசுபிசுக்கும்.

நான் குலசேகரம் பக்கம் பிறந்து தக்கலை பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் பெரிதாக. வீடு புதுசாகக் கட்டி, அடுக்களையில் கீழே முழுக்கப் பலகை அலமாரி அடித்து முதல் வருஷம். ஒரு ஜூலை மாதம், தீபாவளிக்குக் கூட அப்படிச் செய்யமாட்டார்கள், எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டு ஹோஸ் வைத்துக் கழுவினேன். மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மக்கா, மழ நேரத்துல அடுக்களையக் கழுவப்பிடாது. தொடச்சாப் போதும்" என்றார்கள். கேட்டேனா? நாலாம் நாள் அலமாரிக் கதவு மூடவில்லை. கீழ்ப்பலகை ஊதி, ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. 'தண்ணீர் படலாம்' என்று சொல்லி விற்ற கடைக்காரர், "தண்ணீர் படலாம்னுதான் சொன்னோம், நிக்கலாம்னு சொல்லலியே" என்றார். பதிலுக்கு எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, நம்ம ஊரில் அடுக்களைச் சுத்தம் என்பதில் கழுவுவது கால்வாசி, உலர்த்துவது முக்கால்வாசி. இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அப்பா ரப்பர் ஷீட் அடிப்பவர். ஈரம் போகாமல் ஷீட்டை அடுக்கினால் பூசணம் பிடித்துத் தரம் இறங்கும், விலை போய்விடும். புகைக்கூடம் கட்ட வசதியில்லாத வீடுகளில் அடுப்புக்கு மேலேதான் கம்பு கட்டி ஷீட் தொங்கும். கூடவே கருப்பட்டி, வத்தல், கொப்பரை எல்லாம் அங்கே பரணில் இருக்கும். விறகடுப்பு நாள் முழுக்கக் கணகணவென்று கிடக்கும், புகையும் ஆவியும் ஓட்டு இடுக்கு வழியாக மேலே போய்விடும். அந்த அடுக்களை கரியாக இருக்கும், ஆனால் பூசணம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

இப்போது ஓட்டுக்குப் பதில் கான்கிரீட், விறகுக்குப் பதில் கேஸ். கேஸ் எரிந்தால் அதிலிருந்தே தண்ணீர் ஆவி வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல். இது சோறு வடிக்கிற ஆவி, குழம்பு கொதிக்கிற ஆவி, கிழங்கு வேகிற ஆவி எல்லாம் சேர்க்காமல். அவ்வளவும் வெளியே போக வழியில்லாவிட்டால் சுவரிலும் அலமாரி முதுகிலும் போய் உட்காரும். ஆகவே முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்பைப் பற்றவைக்கும்போதே போடுங்கள், அணைத்தபின் அரைமணி நேரம் ஓடட்டும். அது சரியாக இழுக்காமல் நீங்கள் எதைத் துடைத்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது நாள் பார்ப்பது. பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லவில்லை, வானத்தைப் பாருங்கள். நமக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்குவது ஒன்று, அக்டோபரில் தொடங்குவது இன்னொன்று. பெரிய சுத்தத்துக்குத் தை, மாசி மாதிரி வராது. இன்னொரு தடவை வேண்டுமென்றால் ஓணத்துக்கு முன்னால், நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால். மழைக்காலத்தில் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குள் சமையல் முடிந்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு வெளியே வாங்கிக்கொள்ளலாம், பாவம் பார்க்க வேண்டாம். ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கில் கேஸ் குழாயில் அச்சடித்திருக்கிற வருஷத்தையும் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றும் நேரம். பிறகு அலமாரிகளைக் காலி செய்து, உள்ளே விரித்திருக்கிற நியூஸ்பேப்பரை எல்லாம் எடுத்து வீசுங்கள். பேப்பர் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அடியில் கரப்பானுக்குக் குடித்தனம். பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் இன்னும் மோசம், அடியில் வேர்க்கும். வெறும் பலகையாகவே விடுங்கள்.

பூசணத்தைக் காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டவே தட்டாதீர்கள். தூள் பறந்து மற்ற இடத்தில் போய் உட்காரும், மூச்சுக்கும் நல்லதில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் வழித்தெடுங்கள். துணியைத் திருப்பி மறுபடி உபயோகிக்க வேண்டாம். பழைய வேட்டியைக் கிழித்து இருபது துண்டு வைத்துக்கொண்டால் வேலை லேசு.

எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி ஒன்று சொல்லணும். தேங்காய் எண்ணெயில் மட்டும் சமைத்த காலத்தில் சுவர்ப் பிசுக்கு சுடுதண்ணீருக்கே இளகி வந்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் வந்தபிறகு நிலைமை வேறு. அது காற்றுபட்டுப் பட்டுப் பலாப்பிசின் மாதிரி இறுகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு நூல் இழுக்குமே, அது அதுதான். அதற்குச் சலவைச் சோடா. ஆப்பச்சோடா இல்லை, துணிக்குப் போடுகிற சோடா. ஒரு வாளி சுடுதண்ணீரில் ரெண்டு மூணு கரண்டி கரைத்து, ஃபேனின் பிளக்கை எடுத்துவிட்டு, கழற்ற முடிகிற பாகத்தை ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். சுவர் டைல்ஸுக்கு அதே தண்ணீரில் துணியை நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டவைத்தாற்போல் விட்டுவிட்டுத் துடைத்தால் போதும், தேய்க்கிற வேலையே குறையும். கையுறை போட மறக்காதீர்கள். அலுமினியப் பாத்திரத்திலும் சிம்னியின் அலுமினிய வலையிலும் மட்டும் சோடா படவேண்டாம், கறுத்துவிடும், அரித்தும்விடும். ஆப்பச்சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவைக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. பொங்குவது பார்க்க அழகு. ரெண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி, கலக்கித் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கில் தடவி, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்து எடுக்கணும். எவர்சில்வர் சிங்க்கில் ஊறவிடாதீர்கள், புள்ளி புள்ளியாக அரிக்கும். அதோடு, தயவுசெய்து, ஆசிட் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். நான் ஒருமுறை கக்கூஸ் கழுவும் ஆசிட்டை டைல்ஸில் தடவிவிட்டு, கறை போகவில்லையே என்று மேலே பவுடரையும் தூவினேன். வந்தது குளோரின். தொண்டை எரிந்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, முற்றத்துக்கு ஓடிப்போய்க் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆசிட் எப்படியும் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டைத் தின்றுவிடும், பிறகு அந்தக் குழியில்தான் அழுக்கு சேரும். ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

சிங்க்கின் அடியில் ஒரு கிண்ணம் மாதிரி திருகுகிற பாகம் இருக்கும். கீழே வாளி வைத்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள். நான் முதல்முறை கழற்றியபோது உள்ளே சாளை மீனின் செதில் வெள்ளித்தாள் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டி, நடுவில் ஒரு ரப்பர் பேண்டும் கறிவேப்பிலைக் காம்பும், மேலே வழுவழுவென்று ஏதோ ஒன்று. எத்தனை நாள் ஊதுபத்தி கொளுத்தி நாற்றத்தை மறைத்திருக்கிறேன்! இப்போது மீன் கழுவுவதெல்லாம் வெளியேதான். நீங்கள் மாடி வீடு என்றால் சிங்க் துளையில் சல்லடை போட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், கறுப்பு வரிசையாக இருக்கும். சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு காய்ந்த துணி. பித்தளை பர்னருக்குப் புளித்தண்ணீர், துளைக்குக் குண்டூசி. நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள், இல்லாவிட்டால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கும்.

மரச்சாமான்தான் இங்கே பெரிய தலைவலி. துருவலக்குத்தி (தேங்காய் துருவுவது), சொளவு (முறம்), சிரட்டை அகப்பை மூன்றும் மழைக்காலத்தில் கட்டாயம் பூக்கும். சோப்பில் கழுவி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். அலமாரிக்குள் அடைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். மீன்சட்டிக்குச் சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும். கஞ்சித்தண்ணீரும் சவுரியும் (தேங்காய் நார்) போதும். கழுவியதும் சின்னத் தீயில் ரெண்டு நிமிஷம் காட்டி, மூடி போடாமல் கவிழ்த்து வையுங்கள். பூசணம் பிடித்த கொப்பரை, நிலக்கடலை, மிளகாய் இருந்தால் துடைத்து வறுத்து உபயோகிக்கப் பார்க்காதீர்கள். அதில் சேர்கிற நஞ்சு அடுப்புச் சூட்டில் போகாது. குப்பைதான்.

இப்போது உலர்த்துவது. மத்தியானம் ஒரு மணிக்குள் துடைக்கிற வேலை எல்லாம் முடிந்திருக்கணும். அலமாரிக் கதவெல்லாம் திறந்து, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, சிங்க் அடி அலமாரியைப் பார்த்துத் திருப்பி, பொழுது சாயும்வரை ஓடவிடுங்கள். வெயில் இருக்கும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். இருட்டியதும் மூடிவிடுங்கள், ராத்திரிக் காற்றில் ஈரம் அதிகம். சாமான்களை அன்றைக்கே உள்ளே அடுக்காமல், மறுநாள் பத்து மணி வெயிலுக்குப் பிறகு அடுக்குங்கள். ஒரு ராத்திரி கூடமெல்லாம் பாத்திரமாகக் கிடக்கும், வீட்டுக்காரர் முணுமுணுப்பார், கிடக்கட்டும். காற்றில் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஈரமானி என்று சின்னதாக ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள், அறுபதுக்குக் கீழே இருந்தால் பூசணத்துக்குப் பிழைப்பில்லை. எங்கள் வீட்டில் ஜூலையில் எண்பத்தைந்து காட்டியது. அலமாரியைச் சுவரிலிருந்து ரெண்டு விரல்கடை தள்ளி வைத்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியது.

சுவரில் பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஆறு மாதத்தில் உரிந்து அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி, பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு அடுப்புப் பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் லேசில் பிடிக்காது, சுவரும் மூச்சுவிடும். ஊதிப்போன பலகையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், நான் ஒரு வருஷம் முயற்சி செய்து கடைசியில் கழற்றித்தான் போட்டேன். இப்போது கீழே கடப்பாக் கல் தட்டும், முன்னால் திரைச்சீலையும்தான். அழகில்லை என்று என் மைனி வரும்போதெல்லாம் சொல்வாள். அவள் வீட்டு அலமாரியைத் திறந்தால் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும், நான் சொல்வதில்லை.

சிலிண்டர் வைத்த இடத்துத் துரு வட்டம் எப்படிப் போகும் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து ஒரு மணி நேரம் விட்டால் பாதி போகும். மீதிப் பாதி எனக்கும் போகவில்லை, அதன்மேலேயே சிலிண்டரை வைத்துவிட்டேன்.