கல்யாணத்துக்குக் கும்பகோணம் வருகிறவர்களுக்கு: எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம்?

ஆவணியில் என் தம்பி மகளுக்குத் திருமணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சுற்றிப் பார்ப்பது பற்றிக் கேட்டவற்றையெல்லாம் கல்யாணப் பெண் எழுதி வாங்கி என்னிடம் கொடுத்தாள். இந்த ஊரிலேயே பிறந்து, முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமா, கோயம்புத்தூர்: சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து இறங்குகிறோம். மாலை வரவேற்புக்குள் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

அப்படிச் செய்யாதீர்கள், சம்பந்தி. தஞ்சாவூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர் தென்மேற்கே. கங்கைகொண்ட சோழபுரம் 35 கிலோமீட்டர் வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால். ஒரே பகலில் இரண்டுக்கும் ஓடினால் காரின் கண்ணாடி வழியாக வயல்தான் பார்க்கலாம். இன்னொன்று, இந்தப் பக்கத்துக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த நான்கு மணி நேரத்தில்தான்.

சனிக்கிழமையைத் தஞ்சாவூருக்குக் கொடுங்கள். பத்து மணிக்குள் பெரிய கோயிலில் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் பிராகாரக் கல் தளம் காலைச் சுட்டுவிடும். அந்த நேரத்துக்கு அரண்மனைக்குப் போய்விடுங்கள். அங்குள்ள கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றில் கல்யாணசுந்தரர் தொகுதியைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். சிவபெருமான் பார்வதியின் கையைப் பற்றி நிற்கிறார். பெண்ணைத் தாரை வார்க்கத் திருமால் பக்கத்தில். மணப்பெண் நாணித் தலை கவிழ்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து திருமகள் அவளை மெல்ல முன்னே நகர்த்துகிறாள். மறுநாள் காலை நம் மண்டபத்தில் நீங்கள் பார்க்கப் போவதும் இதே காட்சிதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்பி அதை உலோகத்தில் பிடித்து வைத்திருக்கிறான். நான் எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துப்போய் அதன் முன் நிறுத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட அலுத்ததில்லை.

மூன்று மணிக்குள் கிளம்பினால் வரவேற்புக்கு நிதானமாகத் தயாராகலாம். தாராசுரத்தை ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் அடுத்த வருகைக்கு இருக்கட்டும்.

மாப்பிள்ளையின் அலுவலக நண்பர், பெங்களூரு: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, உண்மையா சார்?

விழும், தம்பி. காலையிலும் மாலையிலும் நீங்களே அந்த நிழலில் நின்று பார்க்கலாம். இல்லாத அதிசயத்தைத் தேடி, இருக்கும் அதிசயத்தை விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். விமானத்தின் அடிப்பகுதிச் சுவர்களைச் சுற்றி எழுத்து வெட்டியிருக்கிறது, பாருங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அக்கன் என்பது குந்தவை. யார் என்ன கொடுத்தார்கள் என்று நம் வீட்டு மொய் நோட்டைப் போல வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலில் ஆடப் பல ஊர்களிலிருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவரவர் குடியிருந்த வீடும்கூட அதில் இருக்கின்றன. 1010-ல் கட்டி முடித்த கோயில். கட்டிய அரசன் தன் பெயரோடு ஆடிய பெண்ணின் பெயரையும் கல்லில் நிறுத்தினான். எனக்கு 216 அடி உயரத்தைவிட இதுதான் பெரியது.

மாப்பிள்ளையின் அத்தை, சென்னை: ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் திங்கட்கிழமை ஒரே நாளில் முடிக்க வேன் பேசலாமா? எனக்கு முழங்கால் வலி உண்டு.

முழங்கால் வலியோடு வேண்டாம், அம்மா. திங்களூர் தஞ்சாவூர்ப் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில், கீழப்பெரும்பள்ளம் பூம்புகாரை ஒட்டி. விடியற்காலையில் ஏறினால் இரவில்தான் இறங்குவீர்கள். ஒவ்வொரு சன்னதியிலும் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாது. திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் மூன்றும் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு காலைப் பொழுதில் மனம் நிறையக் கும்பிட்டு வரலாம். திருநாகேஸ்வரத்தில் ராகு கால வழிபாட்டுக்குத்தான் கூட்டம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்பதால், கூட்டம் வேண்டாமென்றால் அதற்குப் பிறகு போங்கள். சுவாமிமலையில் 60 படிகள் ஏற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெண்ணின் சித்தி மகள், மதுரை: பெரியப்பா, என் இரண்டு பிள்ளைகளும் கோயில் என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

தாராசுரத்துக்குக் கூட்டிப் போ, அம்மா. நம் மண்டபத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அங்கே ஒரே தலையில் காளையும் யானையும் சேர்ந்த சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல். சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் போன்ற மண்டபத்தையும் காட்டு. இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில் என்பதையெல்லாம் அவர்களாகக் கேட்டால் சொன்னால் போதும்.

படித்துறைக்கு மட்டும் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதே. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், ஆவணியில் காவிரியில் இழுப்பு பலமாக இருக்கும்.

மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்கள்: கோயில் அல்லாத இடம் ஏதாவது சொல்லுங்கள்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. திண்ணை வைத்த சிறிய ஓட்டு வீடு. ஜன்னல் ஓரத்தில் அவருடைய கட்டில். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் என்னிடம் படித்த சில பிள்ளைகள் அங்கிருந்து பேச்சே இல்லாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் நேரம் இருந்தால் சுவாமிமலையில் ஒரு சிற்பக் கூடத்துக்குப் போங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரு சிலைக்கு ஒரு அச்சுதான். உடைத்தால்தான் சிலை வெளியே வரும். வேலை நடக்கும் இடம் என்பதால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

மாப்பிள்ளையின் அக்கா, சேலம்: என்ன வாங்கிப் போகலாம்?

பட்டுக்குத் திருபுவனம், குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில். இரண்டும் பக்கம்தான். விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை போடச் சொல்லி வாங்குங்கள். தலையாட்டி பொம்மை தஞ்சாவூரிலேயே கிடைக்கும்.

அதே கல்லூரி நண்பர்கள்: டிகிரி காபி எங்கே நன்றாக இருக்கும்?

நெடுஞ்சாலையில் பித்தளை டவரா படம் போட்ட பலகையைப் பார்த்து நிறுத்தாதீர்கள். ஊருக்குள் கோயில் வீதிகளில் காலையில் எந்தக் கடை வாசலில் உள்ளூர்க்காரர்கள் நிற்கிறார்களோ அங்கே குடியுங்கள். இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, இந்த ஊருக்கே உரிய குழம்பு அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே சாப்பிட்டுவிடாதீர்கள். பந்தியில் உங்களுக்கு இலை போட்டுக் காத்திருப்போம்.