மார்ச் 27: விபுலானந்தர் பிறந்த நாளில் உலகில் வேறு என்ன நடந்தது?

ஈழத்துத் தமிழறிஞரும் துறவியுமான சுவாமி விபுலானந்தர் இலங்கையின் காரைதீவில் பிறந்தது 1892 மார்ச் 27. அதே நாளில், 1941இல், யூகோஸ்லாவியாவில் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அந்நாட்டு அரசு ஹிட்லரோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. 1958இல் குருசேவ் சோவியத் பிரதமரானார். 1962இலிருந்து இது உலக நாடக நாளும்கூட. சேக்சுபியர் நாடகங்களைத் தமிழில் ஆராய்ந்தவருக்கு எவ்வளவு பொருத்தம்!

சரி, பிறந்த நாளைத்தான் கேட்டீர்கள். ஆனால் என்னை அதிகம் உலுக்குவது அவர் மறைந்த நாள்: 1947 ஜூலை 19, சனிக்கிழமை. அன்று காலை பர்மாவின் (இன்றைய மியன்மார்) ரங்கூன் தலைமைச் செயலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆயுததாரிகள் உள்ளே புகுந்து பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானையும் அமைச்சர்கள் அறுவரையும் சுட்டுக் கொன்றார்கள். மியன்மாரில் இன்றும் அது தியாகிகள் நாள். பர்மாவுக்கு 1948 ஜனவரி 4இல் விடுதலை; சரியாக ஒரு மாதம் கழித்து இலங்கைக்கு. விபுலானந்தர், ஆங் சான் இருவருமே தத்தம் நாட்டின் அந்த விடியலைப் பார்க்கவில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டினால் உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தருகே விபுலானந்தருடைய சமாதி. அவர் எழுதிய கவிதை வரிகளையே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஜூலையில் ஊருக்கு வந்தால் ஒருமுறை நின்று வாசித்துப் பாருங்கள்.