கிடப்பதும் கிடத்துவதும்

அன்புள்ள ஐயா,

காய்ச்சலில் படுத்திருந்தபோது மேலாளருக்கு 'ஐ ஆம் லேயிங் இன் பெட்' என்று எழுதினேன். 'லையிங்' என்று திருத்தி அனுப்பினார். மறுநாள் ஜாக்கிரதையாக 'யெஸ்டர்டே ஐ லைடு இன் பெட்' என்று எழுதினால் அதற்கும் சிரிக்கிறார். லை, லே இரண்டில் எதை எங்கே போடுவது?

ம.

அன்புள்ள ம.,

அவர் சிரித்ததில் தப்பில்லை. 'லைடு' என்றால் பொய் சொன்னேன் என்றுதான் பொருள். விடுப்புக் கடிதத்தில் வரவே கூடாத சொல்.

லை என்பது கிட. லே என்பது கிடத்து. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்களே, திருந்து–திருத்து, உருள்–உருட்டு என்று, அதேதான். 'குழந்தையைத் தொட்டிலில் கிடந்தேன்' என்று நாம் யாரும் உளறுவதில்லை. 'எதை?' என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருந்தால் லே. நீங்கள் எதையும் கிடத்தவில்லை, நீங்களே கிடந்தீர்கள். அதனால் லையிங். (கோழி முட்டையிடுவதற்கும் லேதான். மேலாளருக்கு அது தோன்றியிருந்தால் முதல் கடிதத்துக்கே சிரித்திருப்பார்.)

இதோடு நின்றிருந்தால் சுலபம். லை என்பதன் இறந்தகாலம் லே! உங்கள் இரண்டாவது வாக்கியம் 'ஐ லே இன் பெட்' என்று இருந்திருக்க வேண்டும். கிடத்தும் லேவுக்கு இறந்தகாலம் லெய்டு. நூற்றாண்டுகளாக இந்தக் குழப்பம் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் சர்வசாதாரணமாக லேயிங் என்கிறார்கள்.

ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் விகுதி சேர்த்துப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. விகுதி தேய்ந்துபோய், உள்ளே உயிர் மாறிய சில ஜோடிகள் மட்டும் மிஞ்சின. ரைஸ்–ரெய்ஸ், நம் எழு–எழுப்பு. சிட்–செட் இன்னொன்று. எனக்குப் பிடித்தது ஃபால்–ஃபெல்: விழு–வீழ்த்து. இதிலும் அதே பொறி உண்டு. மரம் விழுந்தால் 'தி ட்ரீ ஃபெல்'. ஆட்கள் வெட்டி வீழ்த்தினால் 'தே ஃபெல்டு தி ட்ரீ'.

அப்புறம், லை என்பதை ஹேவோடு சேர்த்தால் லெய்ன் ஆகும். சரியான வடிவம்தான், ஆனால் எழுதினால் எனக்கே அந்நியமாகத் தெரிகிறது. அந்த இடம் வந்தால் 'ஐ ஹேவ் பீன் இன் பெட்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.