கைக்குழந்தை, வாண்டுகளோடு ஹோட்டலுக்குப் போகிறவர்களுக்கு: ஒரு ஹால் சூப்பர்வைசரின் பதில்கள்

திருச்சியில் ஒரு சைவ ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்து, இப்போது ஹால் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீட்டில் எனக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. குழந்தைகளோடு சாப்பிட வருவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெற்றோர், தனியாகச் சாப்பிட வருகிறவர்கள், இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகள் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: பாப்பாவுக்கு ஒன்றரை வயது. எந்த நேரத்தில் வந்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது அண்ணா?

ஞாயிறு மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை வராதீர்கள். ராத்திரி ஏழரைக்கு மேல் ஒன்பதரை வரையும் அப்படித்தான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும், அந்த நெரிசலைப் பார்த்தாலே குழந்தை சிணுங்க ஆரம்பித்துவிடும். மதியச் சாப்பாடு என்றால் பன்னிரண்டுக்கு, இலை போட ஆரம்பிக்கும்போதே வந்துவிடுங்கள். டிபன் என்றால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறுக்குள்.

முழுப்பசியோடு கூட்டி வராதீர்கள், வீட்டில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்ததும் மெனு கார்டைப் புரட்டுவதற்கு முன்னாலேயே குழந்தைக்கு ஒரு இட்லி சொல்லிவிடுங்கள். இட்லி வெந்து தயாராக இருக்கும், உடனே வந்துவிடும். தோசை அப்படியில்லை, கல்லில் உங்கள் முறை வரவேண்டும், கூட்ட நேரத்தில் கால் மணி நேரம்கூட ஆகும். அதுவரை வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் எந்தக் குழந்தைதான் உட்காரும்? பெரியவர்களே பொறுப்பதில்லை.

அப்புறம், காலியாக இருக்கிறதே என்று முதலில் கண்ணில் படும் மேசையில் உட்கார வேண்டாம். சூப்பர்வைசரிடம் சுவரோரமாக ஒரு மேசை கேளுங்கள். கிச்சன் கதவுக்கு எதிரிலும், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என் பையனுக்கு மூன்று வயது. ஹோட்டலுக்குப் போனால் ஓடிக்கொண்டேதான் இருப்பான். என் கணவர் "குழந்தைதானே, விடு" என்கிறார். மாமியாரும் அவர் பக்கம். ஹோட்டலில் வேலை பார்க்கிறவர் என்ன நினைக்கிறீர்கள்?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அழுகை, சிந்தல், கத்தல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுவது ஆபத்து.

சாம்பார் வாளியை எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டுத்தான் பிடிப்போம். அந்த உயரத்தில்தான் மூன்று வயதுப் பிள்ளையின் முகம் இருக்கும். இடது கையில் மூன்று தட்டு, வலது கையில் காபி டபராக்கள் என்று வருகிற சர்வருக்குத் தன் இடுப்புக்குக் கீழே என்ன வருகிறதென்று தெரியாது. குழந்தைகளின் தோல் பெரியவர்கள் தோலைவிட மெல்லியது, 60 டிகிரி சூட்டில் இருக்கிற தண்ணீரே சில நொடிகளில் ஆழமான புண் ஆக்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரும், நுரை பொங்க ஆற்றிய காபியும் அதைவிடச் சூடாகத்தான் வருகின்றன. சர்வர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் மேசைக்கு அடியிலிருந்து திடீரென்று வெளியே வருகிற பிள்ளையைத் தவிர்க்க முடியாது. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பையனும் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவான், அந்தக் காட்சியை மறக்க முடியாமல். உங்கள் கணவரிடமும் மாமியாரிடமும் இதை அப்படியே சொல்லுங்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பேச்செல்லாம் இதற்கப்புறம்தான்.

யார் மீதாவது சூடாகக் கொட்டிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே குழாயடிக்குத் தூக்கிப் போங்கள். சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் புண்ணின் மேல் ஓடவிடுங்கள். நனைந்த உடுப்பு, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். ஐஸ், பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். மாவை அப்பினால் சரியாகிவிடும் என்று கிச்சனில் இருக்கிறவர்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்புறம் நேராக டாக்டரிடம்.

ஓடுகிற பிள்ளைக்கு வழி என்னவென்றால், ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் அவனை வெளியே கூட்டிப்போய் பஸ், லாரி வேடிக்கை காட்டுவது, அப்புறம் ஆள் மாற்றிக்கொள்வது. இரண்டு பேரும் சேர்ந்து நிதானமாகச் சாப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எப்போதும் அம்மாவே எழுந்து போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறிப்போன தோசையைச் சாப்பிடுகிறவர் எங்கள் ஹாலில் பெரும்பாலும் அம்மாதான். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: நான் தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து நிம்மதியாகச் சாப்பிட வந்தால் பக்கத்து மேசையில் குழந்தை அலறுகிறது, பெற்றோர் போனில் மூழ்கியிருக்கிறார்கள். நான் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அவர்களிடம் நேராக வேண்டாம். "குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தெரியாதவர் சொன்னால் எந்த அப்பா அம்மாவுக்கும் சுருக்கென்று படும், அது சண்டையில்தான் முடியும். எங்களிடம் சொல்லுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். இடம் இருந்தால் உங்கள் தட்டை நாங்களே தூக்கிக்கொண்டுவந்து வேறு மேசையில் வைப்போம். அவர்களிடமும் பக்குவமாகப் பேசுவோம்.

அழுகிற குழந்தையின் அம்மாவோ அப்பாவோ தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, திண்டாடிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் மட்டும் தயவுசெய்து முறைக்காதீர்கள். இத்தனை வருடம் பார்த்ததில் சொல்கிறேன், குழந்தை அழுவதால் சாப்பிட வந்தவர்களுக்கு வருகிற கோபம் குறைவு, பெற்றவர்கள் கண்டுகொள்ளாமல் இருப்பதால் வருகிற கோபம்தான் அதிகம். எழுந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரரே "பரவாயில்லைம்மா, உட்காருங்க" என்று சொல்லிவிடுவார்.

கேள்வி: போனைக் கொடுத்தால்தான் என் மகள் வாயைத் திறக்கிறாள். தப்பா?

ஹோட்டலில் என் முதல் வேண்டுகோள், சத்தத்தை முழுக்கக் குறையுங்கள். நான்கு மேசையில் நான்கு பாட்டு ஓடினால் மற்றவர்கள் எப்படிப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. ஒரே நாளில் நிறுத்துவது கஷ்டம், தெரியும்.

எங்கள் ஹாலிலேயே வேடிக்கை நிறைய இருக்கிறது. காலி டபரா டம்ளரும் ஒரு ஸ்பூனும் கேளுங்கள், கொடுப்போம், பத்து நிமிடம் அதிலேயே போகும் (சத்தம் வராமல் துணி மேல் வைத்து விளையாடட்டும்). கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் பரோட்டாவை வீசுவதையும், கல்லில் தோசை மாவை வட்டமாக இழுப்பதையும் தூக்கி வைத்துக் காட்டுங்கள். எங்கள் மாஸ்டர் குழந்தை பார்க்கிறது என்று தெரிந்தால் இன்னும் பெரிதாக வீசுவார்.

கேள்வி: பத்து மாதக் குழந்தை. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா? ஹோட்டலில் எதைக் கொடுக்கலாம்?

தாராளமாகக் கொண்டுவரலாம். நான் வேலை பார்த்த எந்த ஹோட்டலிலும் குழந்தைச் சாப்பாட்டுக்கு யாரும் தடை சொன்னதில்லை. வெந்நீர் கேட்டால் கொடுப்போம். எங்களிடம் வாங்குவதென்றால் இட்லி, இல்லையென்றால் வெள்ளைச் சோறும் உப்பு காரம் அதிகமில்லாத பருப்பும். தயிர் சாதம் பாதுகாப்பு என்று நினைத்து நிறைய பேர் சொல்கிறார்கள், அதில் தாளித்த கடுகு, பச்சை மிளகாய்த் துண்டு, சில இடங்களில் முழுத் திராட்சையும் இருக்கும். பொங்கலில் முழு முந்திரி, முழு மிளகு. முந்திரியும் முழுத் திராட்சையும் சின்னக் குழந்தைகளின் தொண்டையை அடைக்கக்கூடியவை, நான்கு வயது வரைக்கும் பொறுக்கி எடுத்துவிட்டே கொடுங்கள். தயிர் சாதம் வேண்டுமென்றால் "தாளிக்காமல் கொஞ்சம்" என்று கேளுங்கள்.

கேள்வி: கீழே முழுக்கச் சிந்திவிடுகிறான். நானே துடைக்க வேண்டுமா?

வேண்டாம். மேசையில் இருக்கிற பெரிய துண்டுகளைத் தட்டில் ஒதுக்கி வைத்தால் போதும். தண்ணீர் தரையில் கொட்டினால் மட்டும் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள், தட்டோடு வருகிறவர் வழுக்கி விழுவார். டிப்ஸ் வைக்கிற பழக்கம் உண்டென்றால், மேசை துடைக்கிற அம்மாவின் கையில் தனியாகக் கொடுங்கள். பில்லோடு வைக்கிற பணம் அவர்கள் வரைக்கும் போகாத இடங்கள் உண்டு.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. பசித்து அழுதால் எங்கே பால் கொடுப்பது? ஒரு இடத்தில் பாத்ரூமைக் காட்டினார்கள்.

அப்படிக் காட்டியது தப்பு. பாத்ரூமில் யாராவது சாப்பிடுவார்களா? உட்கார்ந்த இடத்திலேயே கொடுங்கள். இன்னும் வசதியாக வேண்டுமென்றால் சுவர்ப்பக்கம் பார்த்த மாதிரி நாற்காலி போட்டுத் தரச் சொல்லுங்கள், ஏசி ஹாலில் மூலை இருந்தால் கேளுங்கள். யாராவது உற்றுப் பார்த்தால் அந்த ஆளை நகர்த்துவது எங்கள் வேலை. தமிழ்நாட்டில் 2015-லேயே பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். ஹோட்டல் நடத்துகிறவர்களும் ஒரு திரை, ஒரு நாற்காலிக்கு இடம் ஒதுக்கலாம், நான் எங்கள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதால் வெளியே போவதையே விட்டுவிட்டோம்.

வாருங்கள். மற்றவர்களுக்கு இருக்கிற அதே உரிமை அவனுக்கும் இருக்கிறது, 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே ஆட்டிசம் இருக்கிறது. முன்னாடியே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லுங்கள். மதியம் மூன்றரை போல ஹால் காலியாக இருக்கும். பாத்திரம் கழுவுகிற இடம், ஜூஸ் மிக்ஸி, ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் தள்ளி ஒரு மேசை பார்த்து வைப்போம், மின்விசிறி பிடிக்காது என்றால் நிறுத்துவோம். முதல் தடவை முழுச் சாப்பாடு வேண்டாம், ஒரு ஜூஸ் குடித்துவிட்டுப் போங்கள். பில்லை முதலிலேயே கட்டிவிட்டால் அவனுக்கு முடியாதபோது சட்டென்று எழுந்து போகலாம், மிச்சத்தை நாங்கள் பார்சல் கட்டித் தருவோம். பக்கத்து மேசைக்காரர்களுக்கு நீங்கள் எந்த விளக்கமும் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: அண்ணே, நான் சர்வர். குழந்தை மேசை மேலே ஏறி நிற்கிறது, சொன்னால் கஸ்டமர் கோபப்படுகிறார்கள். என்ன செய்ய?

தம்பி, "ஏறக்கூடாது" என்று ஆரம்பிக்காதே. "அக்கா, சூடா சாம்பார் வருது, பாப்பாவைப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லு. உடனே இறக்கிவிடுவார்கள். கேட்காமல் குழந்தையைத் தூக்காதே, கன்னத்தைக் கிள்ளாதே. சூடான பாத்திரத்தைக் குழந்தை உட்கார்ந்திருக்கிற பக்கமாக நீட்டவே நீட்டாதே, எதிர்ப்பக்கம் சுற்றிப் போய் வை.

பெற்றோருக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "சேட்டை பண்ணினா அந்த மாமா அடிப்பார்" என்று எங்களைக் காட்டி மிரட்டாதீர்கள். நாங்கள் தட்டோடு பக்கத்தில் வந்தாலே அந்தக் குழந்தை நடுங்குகிறது. எங்களுக்கு அது வலிக்கிறது.

கேள்வி: குழந்தைகளே வரக்கூடாது என்று சில ஹோட்டல்கள் வைத்தால் என்ன?

தென் கொரியாவில் இப்படிக் கடைகள் நிறைய உண்டு. ஜெஜு தீவில் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அனுமதியில்லை என்று வைத்த ஒரு உணவகத்தைப் பற்றி அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் 2017-ல் அது பாகுபாடு என்று சொன்னது. எனக்கும் அதே எண்ணம்தான். பந்தியில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நாமெல்லாம் இலையில் சாப்பிடப் பழகினோம். வெளியே வரவிடாமல் வைத்துவிட்டு, பத்து வயதில் திடீரென்று ஒழுங்காகச் சாப்பிடு என்றால் எப்படி வரும்?

கேள்வி: முதல் பிறந்தநாளை ஹோட்டலில் வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள், உள்ளே தள்ளி மேசைகளைச் சேர்த்துப் போடுவோம். கேக் கொண்டுவருவதற்கு எங்களிடம் தடையில்லை, மற்ற இடங்களில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்னோ ஸ்ப்ரேயும் பார்ட்டி பாப்பரும் மட்டும் வேண்டாம். அந்த ஸ்ப்ரேயில் எளிதில் தீப்பிடிக்கிற வாயு இருக்கும், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அடித்தால் குழந்தையின் முடியிலேயே பிடித்துவிடும். பாப்பர் வெடித்தால் ஜிகினாத் துண்டு பக்கத்து மேசைக்காரரின் ரசத்தில் விழும், குழந்தையும் பயந்து வீரிட்டு அழும். ஒரு பாட்டுப் பாடி, கைதட்டி, கேக்கை வெட்டுங்கள். பக்கத்து மேசைக் குழந்தைகளுக்கும் ஒரு துண்டு கொடுங்கள், அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டு.