இரண்டாவது வட்டைப் பொருத்தியதும் லினக்ஸ் தன் ரூட் வட்டை, அதாவது தான் குடியிருக்கும் வட்டையே, காணவில்லை என்கிறது. நேற்று அதன் பெயர் எஸ்டிஏ (sda), இன்று எஸ்டிபி (sdb). ஏன்?

எஸ்டிஏ என்பது உங்கள் வட்டின் பெயர் அல்ல; வரிசையில் நிற்பவர் கையில் கொடுக்கும் டோக்கன். லினக்ஸின் மையமான கெர்னல் எந்த வட்டை முதலில் பார்க்கிறதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி. தேடல் பல முனைகளில் ஒரே நேரத்தில் நடப்பதால், எதையும் கழற்றாமலேயே ஒருநாள் இந்த வரிசை மாறிப்போகலாம். 2007 வாக்கில் பழைய ஐடிஇ வட்டுகள் எச்டிஏ-விலிருந்து எஸ்டிஏ-வுக்கு மாறியபோது, கெர்னலைப் புதுப்பித்த பலரும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

"யூயூஐடி (UUID, மாறாத அடையாள எண்) எழுதுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். நானும் அதை நம்பித்தான் ஒரு இரவைத் தொலைத்தேன். சொந்தமாகக் கெர்னல் தொகுத்து, ரூட் வட்டைத் தேடித் தரும் தற்காலிகச் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை (initramfs) 'எதற்கு வீண் சுமை' என்று நீக்கிவிட்டு, கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ரூட் என்ற இடத்தில் யூயூஐடியை எழுதி வைத்தேன். கெர்னல் பேனிக்: மேலே போக முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. யூயூஐடியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை. விடியும்போதுதான் விஷயம் புரிந்தது: கோப்பு முறைமையின் யூயூஐடியைப் படிக்கக் கெர்னலுக்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்வதே இனிட்ராம்எஃப்எஸ்தான். கெர்னல் தானாகப் புரிந்துகொள்வது பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அட்டவணையில் இருக்கும் பார்ட்யூயூஐடியை (PARTUUID). அதை எழுதியதும் கணினி எழுந்துவிட்டது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது மிக எளிது.

உங்கள் திரையில் பேனிக் செய்தி வந்தால் அதன் கடைசியில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 0,0 என்றால் சொன்ன பெயரில் எந்தச் சாதனமும் கெர்னலுக்குக் கிடைக்கவில்லை: டிரைவர் இல்லை, இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை, அல்லது பெயரே தவறு. 8,1 என்றால் சொன்ன பெயர் எஸ்டிஏ-வின் முதல் பார்ட்டிஷனைக் குறிக்கிறது, ஆனால் அங்கிருந்து கெர்னலால் கோப்பு முறைமை எதையும் ஏற்ற முடியவில்லை. வட்டுக்கு 16 எண்கள் என்பதால் 8,17 என்பது எஸ்டிபி-யின் முதல் பார்ட்டிஷன். உங்கள் புது வட்டு காலியாக இருந்து அதற்கு ஏ என்ற எழுத்து போயிருந்தால், 8,1 வருவதில் வியப்பில்லை.

பேனிக் இல்லாமல் இனிட்ராம்எஃப்எஸ்-இன் சிறிய ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) வந்து நின்றால் இன்னும் நல்லது, அங்கிருந்தே விசாரிக்கலாம். ப்ராக் (/proc) அடைவில் சிஎம்டிலைன் (cmdline) கோப்பைத் திறந்தால் கெர்னலிடம் எந்த ரூட் சொல்லப்பட்டது என்று தெரியும். அதே அடைவின் பார்ட்டிஷன்ஸ் (partitions) கோப்பில் உங்கள் வட்டு இருக்கிறதா? இல்லை என்றால் டிரைவர் பிரச்சினை, அல்லது தாமதமாக விழிக்கும் யூஎஸ்பி வட்டு. பின்னதற்கு rootdelay என்ற கெர்னல் அளவுருவில் 10 விநாடி கொடுத்துப் பாருங்கள். இருக்கிறது என்றால் பிளாக்-ஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடியோடு ஒப்பிடுங்கள்.

எந்த வட்டை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைத் திருத்தியும் பயனில்லை என்று பலர் புலம்புவார்கள். அந்தக் கோப்பு இருப்பதே ரூட் வட்டுக்குள். பெட்டிக்குள் பெட்டியின் சாவி. முதலில் ரூட் எது என்று சொல்வது, கெர்னலை ஏற்றிவிடும் நிரலான கிரப் (GRUB) கொடுக்கும் வரிதான். கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ரூட்டை இப்போதைய பெயருக்கு மாற்றி, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். உள்ளே வந்ததும் கிரப் அமைப்பிலும் எஃப்எஸ்டேப்பிலும் யூயூஐடி எழுதி, டெபியன் குடும்பமாக இருந்தால் அப்டேட்-கிரப் (update-grub) கட்டளையை ஓட்டிவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த இரண்டாவது வட்டு, பழையதை டிடி (dd) கட்டளை கொண்டு அப்படியே நகலெடுத்ததா? அப்படியானால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். எந்த வட்டிலிருந்து எழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதைக் கழற்றிவிட்டு முதலில் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.