வீட்டில் பேசும் தமிழ் பட்டத்துக்குக் கணக்கில் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் இந்த ஆண்டு பி.ஏ. சேர்கிறாள். பட்டம் பெற நான்கு செமஸ்டர் அயல்மொழி படிக்க வேண்டுமாம். பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஸ்பானிஷ் படித்தாள். தமிழ் சரளமாகப் பேசுவாள். தமிழை வைத்தே இதை முடித்துவிடலாமா?

பதில்: பல கல்லூரிகளில் முடிக்கலாம். இந்த விதியில் அயல்மொழி என்றால் ஆங்கிலம் அல்லாத மொழி. அது தாய்மொழியாக இருப்பது தடையல்ல.

முதலில் மகள் சேரும் கல்லூரியின் விதியை நீங்களே படியுங்கள். பிரவுன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் இப்படி ஒரு விதியே இல்லை. கொலம்பியா கல்லூரி இடைநிலைப் பாடத்தின் இரண்டாம் செமஸ்டரை முடித்த அளவு தேர்ச்சி கேட்கிறது. பெர்க்கிலியின் கலை, அறிவியல் கல்லூரியில், பள்ளியில் ஒரே மொழியை மூன்றாம் ஆண்டு நிலை வரை படித்து உரிய மதிப்பெண் பெற்றிருந்தாலே போதும். அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவருக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த விலக்கு உங்கள் மகளுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

பெரும்பாலும் கல்லூரிகள் பார்ப்பது மாணவர் எத்தனை செமஸ்டர் உட்கார்ந்தார் என்பதை அல்ல, எந்த நிலையை எட்டினார் என்பதை. அந்த நிலையைத் தேர்வெழுதியும் காட்டலாம். பள்ளியிலேயே கல்லூரி நிலையில் எழுதும் ஏ.பி. தேர்வுகளில் தமிழ் இல்லை. பென்சில்வேனியா, சிகாகோ, கொலம்பியா, பெர்க்கிலி போன்று தமிழ் கற்பிக்கும் இடமென்றால் துறையிடமே தேர்ச்சித் தேர்வு கேட்கலாம். மற்ற இடங்களில், ஆக்ட்ஃபில் (ACTFL) என்ற அமெரிக்க மொழிக் கல்வி அமைப்பின் தமிழ் வாய்மொழித் தேர்வை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் பிள்ளைகள் சறுக்குவது வாசிப்பில்தான். 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாளில் 'வந்துவிட்டார்கள்' என்பது பாதி புதுமொழி. சரளமாகப் பேசும் பிள்ளைகூட ஒரு செய்திப் பத்தியைப் படித்து நான்கு வரி எழுதச் சொன்னால் திணறுகிறது. இந்தக் கோடையில் தினமும் அரை மணி நேரம் நாளிதழை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததை எழுத்துத் தமிழில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பேச்சும் இலக்கணமும் காதில் ஊறியிருப்பதால் எழுத்து விரைவில் பிடிபடும். ஆங்கிலம் பேசுபவர் தமிழில் தேற வகுப்பில் சுமார் 1,100 மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிடுகிறது. ஸ்பானிஷுக்கு ஆவது அதைவிட மிகக் குறைவு. அந்த 1,100 மணியில் பெரும்பகுதியை உங்கள் மகள் வீட்டிலேயே கடந்துவிட்டாள். இரண்டு ஆண்டு ஸ்பானிஷைத் தொடர்வதைவிட இதுவே வலுவான வழி என்பது என் கருத்து.

இன்னொன்று: தேர்வில் வென்றால் பல இடங்களில் விலக்கு மட்டுமே கிடைக்கும், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகான கிரெடிட் கிடைக்காது. பட்டத்துக்கு வழக்கமாகத் தேவைப்படும் 120 கிரெடிட்டில் அந்த இடத்தை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டும். கிரெடிட்டும் வேண்டுமென்றால், தமிழ் வகுப்பு இருக்கும் கல்லூரியில் இடைநிலையில் சேரட்டும். தெரிந்ததை மறைத்துத் தொடக்க வகுப்பில் உட்கார வேண்டாம். வீட்டில் மொழி பேசுவோரை அங்கே பல துறைகள் அனுமதிப்பதில்லை. எந்த நிலை வகுப்புக்கு உரியவர் என்று பார்க்கும் நிலையறி தேர்வை முதல் செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுதிவிடட்டும். கடைசி ஆண்டு வரை தள்ளிப்போட்டு, இந்த ஒரு விதிக்காகப் பட்டம் தள்ளிப்போனவர்கள் உண்டு.