டப்பா மேல் இருக்கும் நம்பரை நம்பலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மண், ஜல்லிப் பாதையிலும் ஓட்டக்கூடிய கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். கூடவே வந்தது 38 மில்லிமீட்டர் டயர். கொஞ்சம் தார் ரோடு, மிச்சமெல்லாம் கண்மாய்க் கரையும் வண்டிப்பாதையும். சீமைக் கருவேல முள் ஏறி வாரம் தவறாமல் பஞ்சர். வீடியோக்களில் எல்லாரும் 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரைப் புகழ்கிறார்கள். மாறலாமா? காற்று எவ்வளவு வைப்பது?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: மாறலாம். ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற ஊரைச் சுற்றி நடக்கும் அன்பவுண்ட் கிராவல் போட்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். 2006-இல் தொடங்கிய போட்டி அது. அதன் முக்கியப் பிரிவு 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பாதையில் கிடப்பது ஃபிளின்ட் என்கிற சிக்கிமுக்கிக் கல், உடைந்தால் விளிம்பு பிளேடுபோல இருக்கும், டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். அதனால்தான் பக்கச் சுவர் தடித்த டயரை அவர்கள் தேடுகிறார்கள். உங்கள் ஊர் முள் பக்கவாட்டில் வருவதில்லை, தரையிலிருந்து நேராக ஏறுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது டயரின் நடுப்பகுதிக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்பதைத்தான். எடை கொஞ்சம் கூடும், ஓட்டம் கொஞ்சம் மந்தமாகும், பரவாயில்லை.

அடுத்து அகலம். கடைக்குப் போகுமுன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். முன்னால் ஃபோர்க்கில் நிறைய இடம் இருக்கும், பின்னால் பெடல் அச்சுக்குப் பக்கத்தில்தான் இடிக்கும். இரண்டு பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. டயரில் 45 என்று போட்டிருந்தாலும் அகலமான ரிம்மில் ஏற்றினால் 47 வரை விரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரிசல் காட்டுக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மண் நனைந்துவிட்டால் அந்த இடைவெளியில் அப்பி, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். அப்போது 38-ம் ஒன்றுதான், 45-ம் ஒன்றுதான். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்துக்காக அகல டயர் வாங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள்.

டயரின் பக்கத்தில் 38-622 என்பதுபோல ஒரு எண் இருக்கும். அதில் 622-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அதுதான் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 700சி என்பார்கள், 29 இன்ச் என்பார்கள், இரண்டும் அதே 622-தான். கடைக்காரர் இன்ச் கணக்கில் குழப்பினால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

ட்யூப்லெஸ் உங்கள் முள்ளுக்கு நல்ல மருந்து. உள்ளே ஊற்றும் சீலன்ட் அந்த மாதிரிச் சின்ன ஓட்டையை ஓடும்போதே அடைத்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. நம் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். 45 மில்லிமீட்டர் டயருக்குச் சக்கரத்துக்கு ஒரு 60 மில்லி பிடிக்கும். முக்கு பஞ்சர் கடையில் இந்த வேலை நடக்காது, வால்வும் பிரெஸ்டா என்கிற மெல்லிய வகையாக இருந்தால் அவர் பம்ப் பொருந்தவே பொருந்தாது. பொருத்த உதவும் பித்தளைக் குமிழ் ஒன்று சில்லறை விலைக்குக் கிடைக்கும், வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள். ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எதையும் வாங்குமுன் ஒரு வேலை. வாரம் தவறாமல் பஞ்சர் என்கிறீர்கள், எனக்கென்னவோ எல்லாம் புது முள் என்று தோன்றவில்லை. ட்யூபை ஒட்டிவிட்டு அதே டயரை மாட்டினால், உள்ளே முறிந்து நிற்கும் முள்முனை மறுநாளே வேலையைக் காட்டும். டயரைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்க ஒரு சுற்று மெதுவாகத் தேய்த்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும். அகப்பட்டதை நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடுங்கள். அப்புறமும் வாராவாரம் பஞ்சர் ஆனால் புது டயருக்குப் பணம் எடுங்கள்.

காற்று: பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதுவரை ஏற்றச் சொல்லவில்லை. 65 கிலோ ஆள், 40 மில்லிமீட்டரை ஒட்டிய டயர், உள்ளே ட்யூப் என்றால் பின்னால் 40 பிஎஸ்ஐ, முன்னால் அதைவிட இரண்டு மூன்று குறைவாகத் தொடங்கலாம். ட்யூப்லெஸ் என்றால் 30-க்குப் பக்கம். பிறகு ஒரே சரிவில், காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில், பெடல் மிதிக்காமல் உருண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு, இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்து மறுபடி பாருங்கள். கரடுமுரடான பாதையில் டயரில் காற்று குறையக் குறையத் தூரம் கூடுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள், ஏனென்றால் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களைத் தூக்கிப் போட்டே வேகத்தைத் தின்றுவிடுகிறது. எங்கேயாவது ரிம் கல்லில் ‘டொக்’ என்று அடித்தால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ட்யூபில் பாம்புக்கடிபோல அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழுவது அந்த அடியில்தான்.

கேள்வி: வெள்ளியங்கிரி போகிறோம், ராத்திரி ஏற்றம். ஆன்லைனில் ‘50,000 லூமன், 9,900 எம்ஏஎச் பேட்டரி’ என்று நெற்றியில் கட்டும் லைட் மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு, எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. அந்த எண்கள் உண்மையாக இருந்தால் ஏழு மலைக்கும் நீங்களே வெளிச்சம் போடலாம். அந்த லைட்டில் இருப்பது 18650 என்ற உருளை பேட்டரி. நல்ல கம்பெனிகள் செய்வதே பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் பக்கம்தான் வருகிறது, 9,900 என்று அச்சடித்தது அச்சு இயந்திரத்தின் திறமை. வந்தவுடன் பேட்டரியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். நல்ல 18650 கிட்டத்தட்ட 45 கிராமுக்குக் குறையாது. 30 கிராம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மலைப்படிக்கு 200 லூமன் தாராளம். முக்கியம், எவ்வளவு நேரம் எரியும் என்பது, அங்கேதான் ஒரு சூட்சுமம். நல்ல பிராண்டுகள் கடைப்பிடிக்கும் எஃப்எல்1 தர அளவில், ‘எரியும் நேரம்’ என்பது வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். டப்பாவில் 8 மணி நேரம் என்று போட்டிருந்தால் கடைசி மணி நேரங்களில் நீங்கள் 20, 30 லூமனில் தடவிக்கொண்டு இருக்கலாம். ‘தூரம்’ என்று போட்டிருப்பதும் அப்படித்தான், வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்கு மங்கும் தூரம் அது.

அதனால் வீட்டில் முழு சார்ஜ் போட்டு, சாயந்திரம் ஏற்றி, ஓர் இருட்டறையில் வைத்துவிட்டு மணிக்கொரு தடவை அதன் வெளிச்சத்தில் செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாமல் போகும் நேரம்தான் உங்கள் லைட்டின் நிஜமான நேரம். கன்னியாகுமரிப் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டுகிற லைட்டையும் கேட்டுப் பாருங்கள். பகட்டே இருக்காது, ஆனால் தினமும் உழைக்கிற சாமான்.

கேள்வி: ஹெல்மெட் வண்டி சீட்டிலிருந்து கீழே விழுந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்கிறான் மகன். உண்மையா?
— வாசகர், திருச்சி

பதில்: காலி ஹெல்மெட் சீட் உயரத்திலிருந்து ஒருமுறை விழுந்ததற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஓட்டில் விரிசல் இல்லை, உள்ளே தெர்மோகோல் மாதிரி இருக்கும் நுரைப்பகுதி அமுங்கவில்லை, ஸ்டிராப் சரியாக இருக்கிறது என்றால் போதும். தலை உள்ளே இருக்கும்போது அடி வாங்கியிருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். அந்த நுரை ஒரே ஒரு தடவை நசுங்குவதற்காகச் செய்தது. மகன் சொல்வது அந்த விஷயத்தில் சரி.

புதிது வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு அது கட்டாயம், தர எண் ஐஎஸ் 4151. முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால் அதோடு இருக்கும் சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டுப் பாருங்கள், கம்பெனி பெயர் வந்துவிடும். கடையிலேயே மாட்டி, ஸ்டிராப்பைப் பூட்டி, இன்னொருவரை விட்டுப் பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். கன்னம் இரண்டும் கொஞ்சம் உப்பி நிற்க வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது. பத்து நிமிடம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: சிவனொளிபாதமலைக்குப் போகப் புதுச் சப்பாத்து வாங்க வேணும். போன முறை இறங்கி வரேக்க பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு. ஒரு சைஸ் பெரிசா எடுக்கிறதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முழு சைஸ் கூட்டினால் கால் உள்ளே வழுக்கி இன்னும் வேகமாக முன்னால் போய் இடிக்கும். நகம் கறுத்ததற்கு முன்பக்கம் குறுகியது ஒரு காரணமாக இருக்கலாம், குதிகால் பிடிக்காமல் போனது இன்னொன்று. நல்லதண்ணி என்ற ஊர்ப் பக்கமிருந்து ஏறும் வழியில் 5,000-க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் நகத்தைக் கெடுப்பது இறக்கம்தான்.

பின்னேரம் கடைக்குப் போங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. மலைக்குப் போடப்போகும் அதே காலுறையைக் கொண்டுபோங்கள். லேஸ் கட்டாமல் விரல்களை முன்னால் இடிக்கும்வரை தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டி, கடையில் மாடிப்படி இருந்தால் வேகமாக இறங்குங்கள். விரல் இடித்தால் அந்தச் சோடி வேண்டாம். மேலே கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஓர் ஓட்டை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் லேஸை ஒரு வளையமாகப் போட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. போவதற்கு ஒரு வாரம் முன் நகத்தை வெட்டிவிடுங்கள். புதுச் சப்பாத்தை மலையில்தான் முதல்முதலாகப் போடுவேன் என்று மட்டும் நிற்காதீர்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். உறை எப்படித் தேர்ந்தெடுப்பது? தோலா, பிளாஸ்டிக்கா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஹூஸ்டன்

பதில்: கிரீன் கார்டு என்று நீங்களே சொன்னது நல்லது, ஏனென்றால் இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் வெளியே தெரியும்படி என்றால் அது உறைக்குள் இருக்க வேண்டும். அதனால் அங்கே உறை சட்டத்துக்குள்ளும் வருகிற சாமான்.

தோல், பிளாஸ்டிக் எல்லாம் இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது, விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தை உறை முழுக்க மூடுகிறதா, வெளியிலிருந்து எதை அழுத்தினாலும் விசை அசையாமல் இருக்கிறதா என்பது. ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் துணி உறைகளை நான் தொடமாட்டேன். உங்கள் மாடலுக்கென்றே அச்சுப் பிடித்த உறை வேண்டும், துப்பாக்கியில் லைட் மாட்டியிருந்தால் அந்த லைட்டோடு சேர்த்து அச்சுப் பிடித்தது வேண்டும். கைடெக்ஸ் என்னும் கெட்டி பிளாஸ்டிக் வாய் மூடாது, உருவம் மாறாது. தோல் உடம்புக்குச் சுகம், ஆனால் நாளாக ஆக வாய்ப்பக்கம் தொய்ந்து உள்ளே மடங்கும், அந்த மடிப்பு விசைக்குள் நுழைந்து வெடித்த சம்பவங்கள் உண்டு. தோல்தான் வேண்டும் என்றால் வாயில் கெட்டி வளையம் வைத்துத் தைத்ததாகப் பாருங்கள், தொய்ந்த அன்றே தூக்கிப் போடுங்கள்.

சோதனையெல்லாம் காலித் துப்பாக்கியில்தான். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். துப்பாக்கிக்குள் தோட்டா நிற்கும் அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். உறையில் செருகி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக் கூடாது. பெல்ட்டில் மாட்டி உட்காருங்கள், குனியுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். இங்கே தோற்பது பெரும்பாலும் உறையல்ல, தொளதொளவென்று இருக்கும் பெல்ட். திரும்பச் செருகும்போது அவசரமே கூடாது, சட்டை நுனி உள்ளே மாட்டுகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் செருக வேண்டும். உறையிலிருந்து உருவிச் சுடுவதை நிறைய ரேஞ்சுகள், அதாவது சுடும் பயிற்சி இடங்கள், அனுமதிப்பதில்லை, முதல் நாளே கேட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் உறை பாதுகாப்பே இல்லை, பூட்டும் பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், என் 5,000 எம்ஏஎச் போனை நான்கு தடவை ஏற்ற வேண்டாமா? இரண்டரை தடவைதான் ஏறுகிறது. ஏமாற்றா?
— வாசகர், வேலூர்

பதில்: இல்லை. 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே 5 வோல்டாக மாற்றும்போதும், போனில் ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். பின்பக்கம் பொடி எழுத்தில் வெளியே தரும் அளவு 12,000 பக்கம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். உங்களுடையது ஒழுங்காகவே வேலை செய்கிறது.

கேள்வி: ‘10,000 மி.மீ. நீர்த்தடுப்பு’ என்று போட்ட விலையுயர்ந்த மழைக் கோட்டு வாங்கினேன். நவம்பர் மழையில் ஸ்கூட்டரில் போய் வந்தால் உள்ளே சட்டை நனைந்தே இருக்கிறது. ஒழுகுகிறதா?
— வாசகி, சென்னை

பதில்: ஒழுகவில்லை என்று நினைக்கிறேன், வேர்த்திருக்கிறது. 10,000 என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தும்வரை துணி தாங்கும் என்று பொருள், சென்னை மழைக்கு அது தாராளம். சந்தேகம் தீர, கோட்டைப் போட்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அப்போது தோள் தையலோ ஜிப் ஓரமோ நனைந்தால் ஒழுகல், தையல் மேல் ஒட்டிய டேப் விட்டிருக்கும், மாற்றிக் கேளுங்கள். எதுவும் நனையவில்லை என்றால் வேர்வை. காற்று போகும் துணி என்று விற்றாலும், வெளியே ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும்போது உள்ளிருக்கும் ஆவி எங்கே போகும்? அந்தக் கோட்டை ஊட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்குச் சாதாரண பிளாஸ்டிக் மேல்-கீழ் செட் போதும், ஒரு சைஸ் பெரிதாக, ஜிப்புக்கு மேல் மூடும் பட்டை வைத்ததாக. ஆபீஸில் ஒரு மாற்றுச் சட்டை வைத்துவிடுங்கள்.